பண்டிகை மாதமும் ட்யூட்டி ரோஸ்டரும்

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் கடையநல்லூர் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், மெடிக்கல் வார்டில் மூன்று வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஹாஸ்டலில் இருக்கிறேன். போன வருடம் ஆயுத பூஜை, தீபாவளி இரண்டுக்கும் எனக்குத்தான் ட்யூட்டி. அதற்கு முந்தின தீபாவளிக்கும் நைட். “உனக்கென்ன, குடும்பமா குட்டியா?” என்று சொல்லியே போட்டுவிடுகிறார்கள். இந்த வருடமும் வராவிட்டால் பேசவே மாட்டேன் என்கிறார் அம்மா. நவம்பர் 15 அன்று மதுரையில் கூடப் படித்த தோழிக்குக் கல்யாணம். ஊருக்குப் போனாலும் நிம்மதி இல்லை. தெருவே பிபி பார்க்கக் கூப்பிடுகிறது, அத்தைமார் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். போனதைவிடக் களைத்துத் திரும்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. எதைச் செய்வது, எதை விடுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் பாதி வேலை செப்டம்பர் பத்துக்குள் முடியவேண்டியது என்பதால் சரியான நேரம்தான்.

முதலில் அந்த “குடும்பமா குட்டியா” பேச்சு. கல்யாணம் ஆகாதவருக்கும் அப்பா அம்மா உண்டு, ஆச்சி உண்டு, வாசலில் காத்திருக்க ஆள் உண்டு. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு ஒரு பண்டிகையில் விட்டுக்கொடுப்பது நல்ல மனசு. மூன்று வருடமும் ஒரே ஆள் விட்டுக்கொடுத்தால் அது ரோஸ்டர் போடுபவரின் வசதியாக மாறிவிடும். இதை அழுதோ கோபப்பட்டோ சொன்னால், “இந்தக் காலத்துப் பிள்ளைகள்” என்று போய்விடும். கணக்காகச் சொல்லுங்கள். போன இரண்டு வருடத்தில் ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு என்ன ட்யூட்டி விழுந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழைய ரோஸ்டர் படங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்கும். மற்றவர்களுடையதை எழுதவேண்டாம். அதை எழுதினால் புகாராகிவிடும். உங்களுடையது மட்டும் போதும்.

அந்தத் தாளோடு இன்சார்ஜ் சிஸ்டரைப் பாருங்கள். ஓவர் கொடுக்கும் நேரத்திலோ (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) டாக்டர் ரவுண்ட்ஸ் நேரத்திலோ போகாதீர்கள். மதிய ஓவர் முடிந்து வார்டு அடங்கியபின் ஐந்து நிமிடம் கேளுங்கள். “சிஸ்டர், ரெண்டு தீபாவளி நான் பார்த்திருக்கேன். இந்தத் தடவை எனக்கு தீபாவளி வேணும். ஆயுத பூஜையும் கிறிஸ்துமஸும் நானே பார்க்கிறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். கேட்பதையும் கொடுப்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தீபாவளி மட்டும் வேண்டும் என்றால், அந்த இன்சார்ஜுக்கு நீங்கள் பதினைந்தாவது ஆள். கிறிஸ்துமஸ் நைட்டைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஆகஸ்டிலேயே சொல்பவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். அதே நாளில் ரிக்வெஸ்ட் புக்கிலும் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது அக்டோபர் கடைசியில் ரோஸ்டர் போடும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்தப் பதிலில் நான் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். மூன்று மாதத்தில் வரும் எல்லா நாளிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கப் பார்க்காதீர்கள். ஒரு பண்டிகையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை மனசாரக் கொடுத்துவிடுங்கள். நைட் முடித்துக் கிளம்பி, தீபாவளி மதியம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அன்று இரவே பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கும் அது போதாது. அவர்களுக்கும் அடுத்த வாரம் முழுக்க உடம்பு சரியாகாது.

இனி தேதிக்கு வருவோம். இந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் 19 திங்கள், தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு. தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வார ஆஃபையும் பண்டிகை விடுமுறையையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் உங்களுக்கு ஒரு நாள் நஷ்டம். உங்கள் மருத்துவமனை விதிப்படி பண்டிகை விடுமுறை தனியாகக் கணக்கில் வருமா, ஆயுத பூஜையன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளமா, காம்ப் ஆஃபா (பதிலுக்கு வேறொரு நாள் விடுமுறை), காம்ப் ஆஃப் எத்தனை நாளுக்குள் எடுக்கவேண்டும் என்பதை எச்ஆரில் கேட்டு, மெயிலில் பதில் வாங்குங்கள். 30 நாளில் காலாவதி என்றால் அக்டோபர் 19இல் சம்பாதித்தது நவம்பர் 18 வரை செல்லும், உங்களுக்குச் சரியாகப் பொருந்தும்.

நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. நவம்பர் 6 வெள்ளி காலை ட்யூட்டி, அன்று இரவு ரயில். 7 சனி ஊரில். 8 தீபாவளி. 9 திங்கள் ஊரில், அன்று இரவு ரயில். 10 செவ்வாய் காலை சென்னை வந்து தூங்கி எழுந்து துணி துவைக்க ஒரு நாள். 11 புதன் காலை ட்யூட்டி. நடுவில் நான்கு நாள். வார ஆஃப் ஒன்று, ஆயுத பூஜை காம்ப் ஆஃப் ஒன்று, சி.எல். (தற்செயல் விடுப்பு) இரண்டு. பத்தாம் தேதியை மிச்சம் பிடித்து, ரயிலிலிருந்து நேராக வார்டுக்குப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ரயில் மூன்று மணி நேரம் தாமதமாவது சாதாரணம். ஒரு தடவை அப்படி ஆகி லேட் விழுந்தால், அடுத்த வருடம் உங்களுக்கு லீவு தராததற்கு அதுவே காரணமாகக் காட்டப்படும்.

யாரோடாவது ட்யூட்டி மாற்றிக்கொண்டு போவதாக இருந்தால், மாற்றிக்கொள்கிறவர் உங்கள் அளவு அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும். மூன்று வருட ஸ்டாஃபுக்குப் பதில் ஆறு மாத ஸ்டாஃபைக் கொடுத்தால், தீபாவளி இரவில் அந்த ஷிஃப்டில் சீனியரே இல்லாமல் போய்விடும். இன்சார்ஜ் மறுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான், உங்கள் மேல் கோபத்தால் அல்ல. இரண்டாவது, சங்கிலி மாற்றம் வேண்டாம். நீங்கள் ஒருவரோடு, அவர் இன்னொருவரோடு, அவர் மூன்றாமவரோடு என்று போனால், நடுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் எல்லாம் சரிந்து போன் உங்களுக்கு வரும், நீங்கள் விருதுநகர் தாண்டிக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவது, தேதி, ஷிஃப்ட், இருவர் கையெழுத்து, இன்சார்ஜ் கையெழுத்து நான்கும் தாளில் இருக்கவேண்டும். அதைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ள முன்வந்தவர் நோயில் படுத்தால் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவத் தோழிகள் யாராவது உங்கள் வார்டில் இருப்பார்கள். அவருக்கு டிசம்பர் 24, 25, உங்களுக்கு நவம்பர் 7, 8. இதைவிட நேர்மையான பரிமாற்றம் கிடையாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கோபம் நீங்கள் வராததால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் “பார்க்கிறேன்மா” என்று சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் இரண்டு படி அரிசி கூடுதலாக ஊறப் போடுகிறார். “ஒம் மக இந்தத் தீவாளிக்காவது வாராளா?” என்று தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் வருவாள் என்று சொல்லிவைக்கிறார். கடைசி இரண்டு நாளில் நீங்கள் இல்லை என்கிறீர்கள். வரமுடியாது என்பதை ஒரு மாதம் முன்னால் சொன்னால் அது வருத்தம். இரண்டு நாள் முன்னால் சொன்னால் அது அவமானம். அதனால் செப்டம்பர் முடிவதற்குள் வருவேன், வரமாட்டேன் இரண்டில் ஒன்றைத் தேதியோடு சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் என்றைக்கு வருவேன் என்ற தேதியும் கூடவே போகவேண்டும்.

மாத ரோஸ்டர் வந்ததும் அதை வீட்டுக்கு அனுப்புவதும் உதவும். அப்படியே அனுப்பினால் அவர்களுக்குப் புரியாது. சமையலறைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள்: எந்தெந்த நாள் இரவு வேலை, மறுநாள் காலை 9 முதல் மதியம் 3 வரை தூக்கம், போன் செய்யவேண்டாம். நைட் என்றால் ஓர் இரவு விழிப்பது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பகல் 11 மணி என்பது உங்களுக்கு நடுச்சாமம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ரயில். முன்பதிவு இப்போது பயண நாளை விட்டு 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. பழைய ஞாபகத்தில் “இந்நேரம் தீர்ந்திருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். நவம்பர் 6 பயணத்துக்குச் செப்டம்பர் 7 திங்கள் காலை 8 மணி. நவம்பர் 9 திரும்பும் பயணத்துக்குச் செப்டம்பர் 10 வியாழன் காலை 8 மணி. இந்த இரண்டு காலையும் உங்களுக்குக் காலை ட்யூட்டி இருக்கக்கூடாது. இருந்தால் நம்பகமான ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கவேண்டும். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் வழி. அதை அன்று காலை 7.55க்குச் செய்ய உட்கார்ந்தால் ஓடிபி வருவதற்குள் பொதிகை எக்ஸ்பிரஸ் நிறைந்துவிடும். இந்த வாரமே செய்துவிடுங்கள். பயணி விவரத்தை முன்பே சேமித்து வையுங்கள். ஸ்லீப்பரில் பொது ஒதுக்கீடு போய்விட்டால் பெண்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்து பாருங்கள். பலர் அந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை. காத்திருப்போர் பட்டியலில் உள்ள சீட்டோடு இப்போது முன்பதிவுப் பெட்டியில் ஏறமுடியாது. அட்டவணை தயாராகும்போது உறுதியாகாவிட்டால் ஆன்லைன் சீட்டு தானாக ரத்தாகும். எனவே அதை நம்பி லீவு எழுதாதீர்கள். தத்கால் முதல் நாள், ஏசிக்குக் காலை 10, மற்றதற்கு 11. பண்டிகை வாரத்தில் அதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். புறப்படுவது எழும்பூரா தாம்பரமா என்று சீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டு கிடைக்கவே இல்லை, அல்லது லீவு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பண்டிகைக் கூட்டம் ஒரு பக்கமாகத்தான் ஓடும். முன்னால் சென்னையிலிருந்து தெற்கே, பின்னால் தெற்கிலிருந்து சென்னைக்கு. அம்மா அப்பா எதிர்த் திசையில் வந்தால், போகும்போதும் திரும்பும்போதும் ரயிலில் இடம் இருக்கும். ஹாஸ்டலில் தங்கவைக்க முடியாது, சொந்தக்காரர் வீடு இருந்தால் பேசிப் பாருங்கள். நீங்கள் தீபாவளியன்று மதிய ட்யூட்டி கேட்டு வாங்கினால், விடிகாலை எண்ணெய்க் குளியல், லேகியம், இட்லி எல்லாம் அவர்களோடு முடித்துவிட்டு 12 மணிக்குக் கிளம்பலாம். தீபாவளியின் சாரம் விடிகாலையில்தான் இருக்கிறது. காலை ட்யூட்டியும் நைட்டும் அதைத் தின்றுவிடும், மதிய ட்யூட்டி தின்னாது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதவேண்டும், நீங்கள் “போனதைவிடக் களைத்துத் திரும்புகிறேன்” என்று எழுதியதன் வேர் அங்கேதான் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் நைட்டிலிருந்து பகலுக்கு ஒரே நாளில் திரும்பாது. உங்கள் நைட் வரிசை நவம்பர் 6 காலை முடிந்து, அன்றிரவே ரயில் ஏறினால், தீபாவளி விடிகாலை 4 மணி என்பது உங்கள் உடம்புக்கு வேலையின் நடுநேரம், பகல் 12 மணி படுக்கை நேரம். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீங்கள் எரிந்து விழுவீர்கள். அதனால் நைட் வரிசை நவம்பர் 4 காலைக்குள் முடியும்படி இன்சார்ஜிடம் கேளுங்கள். லீவு கேட்கும்போதே இதையும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

கடைசி நைட் முடிந்த காலை ஹாஸ்டலுக்கு வந்து மூன்று மணி நேரம் மட்டும் தூங்குங்கள், ஆறு மணி நேரம் வேண்டாம். அலாரம் வைத்து மதியம் எழுந்து வெயிலில் அரை மணி நடங்கள். இரவு 9.30, 10க்குப் படுங்கள். இரண்டு இரவு இப்படித் தூங்கினால் பகல் மனுஷியாகிவிடலாம். வரிசையின் நடுவில் இருக்கும் நாட்களில் இது பொருந்தாது. அப்போது பகலில் ஒரே நீட்டாக ஆறு மணி நேரமாவது வேண்டும், ட்யூட்டிக்குக் கிளம்புமுன் இன்னொரு ஒன்றரை மணி நேரம் படுத்தால் நல்லது. காபியை இரவு 1, 2 மணியோடு நிறுத்துங்கள். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். 5 மணிக்கு எல்லோரும் சேர்ந்து குடிக்கிற அந்தக் காபிதான் 9 மணிக்கு உங்களைக் கூரையைப் பார்க்கவைக்கிறது. ஹாஸ்டல் அறைக்குக் கனமான கருப்புத் துணியில் திரை, காதுக்குப் பஞ்சு. தூக்கத்துக்காக ஏவில் என்ற ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொள்வது நர்ஸ்களிடையே வழக்கமாகிவிட்டது. அதன் மந்தம் அடுத்த ஷிஃப்ட் வரை நீளும், மருந்து அளவு கணக்கிடும் கைக்கு அது ஆகாது. தூக்க மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டாமல் தொடவேண்டாம்.

ஸ்கூட்டி ஓட்டுவீர்களா என்று எழுதவில்லை. ஓட்டினால் இதைக் கேளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல் மங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. காலை 10க்கு எழுந்து, பகலில் தூங்காமல் நைட் போய், மறுநாள் 7.30க்கு வெளியே வரும்போது 21 மணி நேரம் தாண்டியிருக்கும். அந்தக் காலையில் பேருந்து, மெட்ரோ, ஷேர் ஆட்டோ, எதுவானாலும் சரி. நீங்கள் ஓட்டாதீர்கள்.

மதுரைக் கல்யாணம். தீபாவளிக்கு மூன்று லீவு போனபின் அடுத்த ஞாயிறு இன்னொரு லீவு கேட்பது கஷ்டம். வார ஆஃபை 15ஆம் தேதிக்கு நகர்த்தி, 14 சனி காலை ட்யூட்டி, அன்றிரவு ரயில், ஞாயிறு முகூர்த்தம், பிற்பகலில் மதுரையிலிருந்து கிளம்பும் தேஜஸில் இரவு சென்னை. திங்கள் மதிய ட்யூட்டியாக இருக்கட்டும். தங்குவதற்கு அறை, மறுவீடு, தோழிகளோடு ஊர் சுற்றல் எதுவும் இந்தத் தடவை கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள், அதுதான் அவருக்கு வேண்டும். ஊருக்குப் போகமுடியாமல் தீபாவளியன்று வேலை பார்க்க நேர்ந்தால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். 14 இரவு கிளம்பி, கல்யாணம் முடித்து, மதுரையிலிருந்து அப்படியே வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். அம்மாவிடம் சொல்லவேண்டிய தேதி அப்போது நவம்பர் 15.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நவம்பரில் கடன் வாங்காத ஸ்டாஃப் நர்ஸ் குறைவு. அம்மா, அப்பா, ஆச்சிக்குத் துணி, ரயில், கல்யாண மொய், வார்டில் பிரிக்கும் பணம் எல்லாம் சேர்ந்து கையில் வாங்கும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே ஒரு கோடு போடுங்கள். தோழிகள் நாலு பேர் சேர்ந்து ஒரே பரிசாகக் கொடுங்கள். பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் மட்டும் சேராதீர்கள், ஹாஸ்டலில் தெரிந்த அக்கா நடத்தினாலும். அடுத்த தீபாவளிக்கு வங்கியில் மாதம் 1,000 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட் போட்டால் போதும்.

இனி ஊரில் நடக்கும் ஓபி. இதை முழுசாக மறுக்கவும் முடியாது, மறுக்கவும் வேண்டாம். உங்களைப் படிக்கவைத்த தெரு அது. ஆனால் நேரமும் எல்லையும் வையுங்கள். சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை திண்ணையில் பிபி பார்ப்பேன் என்று அம்மா மூலம் சொல்லிவிடுங்கள். தீபாவளியன்று கிடையாது. வருகிறவர் காபி குடித்து, புகைத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கால் மேல் கால் வேண்டாம், கை நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, தேதி போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாத்திரையைக் கூட்டு, குறை என்று சொல்லக்கூடாது. அந்தச் சீட்டை அவர் டாக்டரிடம் காட்டுவார். குளுக்கோமீட்டர் எடுத்துப் போனால், லட்டு உருட்டின கையில் நேராகக் குத்தாதீர்கள். விரலில் ஒட்டிய சர்க்கரையே ரீடிங்கை 100, 200 ஏற்றிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து உலர்ந்தபின் எடுங்கள்.

ஊசி போடச் சொல்லி மருந்துக் கடையிலிருந்து வாங்கி வருவார்கள். போடாதீர்கள், பெரியம்மாவாக இருந்தாலும். ஒவ்வாமையில் ஒருவர் மயங்கி விழுந்தால் திண்ணையில் உங்களிடம் அட்ரினலின் இல்லை, ஆக்சிஜன் இல்லை. “ஆஸ்பத்திரிக்கு வெளியே போட்டா என் ரெஜிஸ்ட்ரேஷன் போயிரும் பெரியம்மா” என்று சொன்னால் யாரும் மேலே பேசமாட்டார்கள். பொய்யும் இல்லை, பெயர்ப் பதிவுக்கே வம்பு வரக்கூடிய காரியம்தான்.

தீபாவளியன்று உங்களை உண்மையாகவே தேட வேண்டியிருப்பது தீக்காயத்துக்குத்தான். முதலில் ஓடும் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்தில் “போதும், எரிச்சல் அடங்கிருச்சு” என்பார்கள், விடாதீர்கள். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். தோசை மாவு, இங்க், பற்பசை எதுவும் வேண்டாம், சுத்தமான துணியால் மூடிக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் கசக்கவிடாதீர்கள். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காமல், அழுத்தாமல், காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டி நேராகக் கண் மருத்துவமனைக்கு. பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை அதில் போடச் சொல்லுங்கள். அணைந்த கம்பியை மிதித்து வரும் காயம்தான் அதிகம் தவிர்க்கக்கூடியது.

அப்பாவுக்கென்று திங்கள் காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாத்திரை டப்பாவைக் கொட்டி, டாக்டர் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், காலாவதியானதும் இருக்கும். கடைசியாக எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) எப்போது எடுத்தார் என்று பார்த்து, மூன்று மாதம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டு எடுக்கவையுங்கள். பாதத்தை, விரலிடுக்கை, குதிகாலை விளக்கடியில் பாருங்கள். அதிரசத்தைப் பிடுங்காதீர்கள். ஒன்று தின்னட்டும், சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கல்யாணப் பேச்சு. அத்தைமார் கேட்பதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, “அம்மாகிட்ட சொல்லியிருக்கேன் அத்தை” என்பது போதும். ஆனால் அம்மாவிடம் உண்மையாகவே சொல்லியிருக்கவேண்டும். அதைக் கிளம்புமுன் போனில் பேசி முடியுங்கள். இந்த மூன்று நாளில் பெண் பார்க்க யாரும் வரவேண்டாம், தையில் இரண்டு நாள் லீவு போட்டு வருகிறேன், அப்போது வைத்துக்கொள்ளலாம், அல்லது இன்னும் ஒரு வருடம் வேண்டாம். எது உங்கள் மனசோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கேயும் “பார்க்கிறேன்மா” உதவாது. பேச்சு தொடங்கினால் ஜாதகத்தோடு நாலு விஷயம் போகவேண்டும்: ஷிஃப்ட் வேலை, மாதத்தில் எத்தனை நைட், கல்யாணத்துக்குப் பின்னும் வேலை தொடரும், படிப்புக் கடன் பாக்கி இருந்தால் அதன் தொகை. வெளிநாட்டுத் திட்டம் இருந்தால் அதுவும். நைட் ட்யூட்டி பார்க்கும் பெண் வேண்டாம் என்று ஒதுங்குகிற வீடு முதலிலேயே ஒதுங்கட்டும். உங்கள் அம்மா அதை அவமானமாக எடுத்துக்கொள்வார். பின்னால் வரவிருந்த வருத்தம் நமக்கு மிச்சம் என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்லவேண்டும்.

அக்டோபரில் மழை தொடங்கினால் உங்கள் மெடிக்கல் வார்டு டெங்குவும் சளிக்காய்ச்சலுமாக நிறையும். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியைச் செப்டம்பரில் போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். நவம்பர் 6 அன்று உங்களுக்குக் காய்ச்சல் என்றால் பயணத்தை நிறுத்துங்கள், ஆச்சியும் சர்க்கரைக்கார அப்பாவும் உள்ள வீடு அது.

திங்கள் இரவு ரயில் ஏறும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் முறுக்கு, அதிரசத்தில் ஒரு டப்பாவை ட்யூட்டி மாற்றிக்கொண்ட தோழிக்கென்று தனியாக வாங்குங்கள். புதன் காலை ஓவர் எடுத்ததும், டிசம்பர் 24, 25க்கு அவருக்குப் பதில் நீங்கள் என்று ரிக்வெஸ்ட் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டப்பாவைக் கொடுங்கள்.